கார்டக்காவின் காரண நோட்டு

கார்டக்கா எங்கள் கோல்ஃப் கிளப்பில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பந்தை அடித்ததில்லை. மட்டையைக் கையில் பிடித்து நான் பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் அலமாரிக்குப் பின்னால் விழுந்த பேனாவை இழுத்து எடுப்பதற்காக. ஆனால் முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களில் யார் எப்படி ஆடுவார், யார் எந்தக் குழியில் தடுமாறுவார், யார் வீட்டில் போய் என்ன புளுகுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாமே கார்டு வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

கோல்ஃப் என்றதும் கோட்டும் டையுமாகக் கோடீஸ்வரர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கிளப்பில் மருந்துக்கடைக்காரர் உண்டு, பள்ளிக்கூட டீச்சர் உண்டு, கார் மெக்கானிக் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலம், பதினெட்டுக் குழி, மழை பெய்தால் ஒழுகும் ஒரு கட்டடம், அவ்வளவுதான் கிளப். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிகிற மேஜை என்னுடையது. யார் எத்தனை மணிக்கு ஆட வருகிறார் என்று பதிவேட்டில் எழுதுவது, போனை எடுப்பது, நாற்காலி உடைந்தால் தச்சரைக் கூப்பிடுவது எல்லாம் என் வேலை. எனக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கார்டக்கா. பன்னிரண்டு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், நான் முதுகைக் காட்டிக்கொண்டும், அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டும்.

அவர் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கோல்ஃபில் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவர்தான் கெட்டிக்காரர். ஒருவர் எண்பது அடியில் பதினெட்டுக் குழியையும் முடித்துவிடுவார், இன்னொருவருக்கு நூறு அடி ஆகும். இரண்டு பேரும் சமமாக மோத வேண்டுமென்றால் நூறு அடிக்காரருக்கு இருபது அடி தள்ளுபடி தர வேண்டும். அந்தத் தள்ளுபடி எண்ணுக்குத்தான் ஹேண்டிகேப் என்று பேர். எந்தக் குழிக்கு எத்தனை அடி என்று ஆடுகிறவர் எழுதி வைக்கும் அட்டைதான் கார்டு. ஒருவர் கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களின் கார்டுகளை எடுத்து, அவற்றில் நன்றாக ஆடிய எட்டை வைத்துக் கார்டக்கா அந்த எண்ணைப் போடுவார். ஆடி முடித்ததும் கூட ஆடியவரிடம் கையெழுத்து வாங்கி, வாசலுக்குப் பக்கத்துச் சுவரோரம் இருக்கும் மரப்பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

போடாமல் கம்பி நீட்டுகிறவர்கள் இரண்டு வகை. நன்றாக ஆடியதை ஒளிக்கிறவர் தள்ளுபடியைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு கோப்பையைத் தட்டப் பார்க்கிறார். மோசமாக ஆடியதை ஒளிக்கிறவர் எண்ணைச் சின்னதாக வைத்துக்கொண்டு மாமனார் வீட்டில் பீற்றிக்கொள்ளப் பார்க்கிறார். அதனால்தான் விதி. பதிவேட்டில் பேர் இருந்தால் பெட்டியில் கார்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் கேட்கப்படும். காரணம் செல்லாது என்று கமிட்டி முடிவு செய்தால், நல்லதை ஒளித்தவருக்கு அவருடைய ஆகச் சிறந்த ஆட்டத்தையும், கெட்டதை ஒளித்தவருக்கு ஆக மோசமான ஆட்டத்தையும் அந்த நாளுக்கு எழுதிவிடுவார்கள். ஒரு பருவத்தில் மூன்று தடவை இப்படி ஆனால் அறிவிப்புப் பலகையில் பேர் வரும். அந்த வருஷக் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான்.

வேறு யாராவது இந்த வேலையில் இருந்திருந்தால் கார்டு வரவில்லை என்று ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். கார்டக்காவால் அது முடியாது. அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். இங்கே வருவதற்கு முன் ஒரு நூலகத்தில், திரும்பி வராத புத்தகங்களுக்குக் கடிதம் அனுப்பும் வேலையில் இருந்தார். அங்கே அச்சடித்த கடிதம், கீழே கையெழுத்து மட்டும்தான். ஒரு தடவை கடிதத்தின் ஓரத்தில் “ஏன் திருப்பித் தரவில்லை? கதை பிடித்துப்போயிற்றா?” என்று பேனாவால் எழுதி அனுப்பி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்கக்கூடாத வேலை எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கே கேட்கத் தடை இல்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஆரம்பிப்பார். “சார், நல்லா இருக்கீங்களா? வியாழக்கிழமை ஆடினீங்க, கார்டு வரல. கோவிச்சுக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். என்னாச்சு?” குரலில் அதட்டல் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்பது எதிர்முனைக்கும் புரிந்துவிடும். அதனால் ஆட்கள் கோபப்பட வழியில்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் காரணம். மூன்றாவதில் ‘ஏற்கலாம்’ அல்லது ‘ஏற்க முடியாது’.

அந்த நோட்டைப் படித்தால் நேரம் போவதே தெரியாது. பென்சில் உடைந்துவிட்டது என்று ஒருவர். காற்றில் பறந்தது, துரத்திப் போனேன், முதலில் மூச்சு வாங்கியது, பிறகு கார்டு குளத்தில் விழுந்துவிட்டது என்று ஒருவர். ஐந்தாவது குழியில் ஒரு தம்பதிக்குச் சண்டை வந்து கார்டு இரண்டாகக் கிழிந்துபோனது. ஆளுக்கொரு பாதியைத் தனித்தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அக்கா ஒட்டிவைத்து ‘ஏற்கலாம்’ போட்டார். கார் மெக்கானிக் மட்டும் ஒரே பருவத்தில் நாலு தடவை, “வீட்ல பேன்ட்டோட சேத்துத் துவைச்சுட்டாங்க” என்றார். நாலாவது தடவை அக்கா அவர் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். “எங்க வீட்ல துணி துவைக்கிறதே அவர்தாங்க” என்று அந்தம்மா சொன்னதை, சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே எழுதியிருக்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது. அவர் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், கிளப் சமையலறை ஃப்ரிட்ஜைப் பார்க்க வரும்போது என் மேஜையில் சாய்ந்துகொண்டு அழுவார். “எங்க வீட்ல ஒரு தம்ளர் உடைஞ்சா விசாரணைக் கமிஷன் உக்காந்துரும். திட்ட மாட்டா. எப்படி உடைஞ்சுது, எந்தக் கையில இருந்து விழுந்துச்சுன்னு நாலு நாள் கேப்பா. பேசாம திட்டிடலாம்.”

இனி ரயில்காரர். முப்பத்தாறு வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹேண்டிகேப் இருபத்திரண்டு, அதாவது ரொம்பச் சாதாரண ஆட்டக்காரர். விடியும்போதே வந்துவிடுவார், கூட ஆடுவது மருந்துக்கடைக்காரர். பேச்சு என்றால் அளந்து இரண்டு சொல். வண்டி கிளம்பும்போது, வழியில் எங்கெங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று எழுதிக் கையில் ஒரு தாள் கொடுப்பார்களாம். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் போட்டுக்கொள்வது அவர் தொழில் பழக்கம். கோல்ஃப் கார்டுக்கும் அதே மரியாதைதான். மற்றவர்கள் கார்டைத் தட்டையாகப் போடுவார்கள், இவருடையது மட்டும் தீப்பெட்டி மாதிரி வரும். அக்கா அதைப் பிரித்து, நீவி, பஞ்சிங் மிஷினுக்கு அடியில் வைத்து நிமிர்த்துவார்.

அந்த வருஷம் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு, ஜோடிக் கோப்பைக்குப் பேர் கொடுத்ததுதான். உறுப்பினர் ஒருவர், அவர் குடும்பத்தில் ஒருவர் என்று சேர்ந்து ஆடும் போட்டி அது. “என் மக நர்ஸா இருக்கா, வேற ஊரு. அவளும் கத்துக்கிட்டிருக்கா. நானும் அவளும். எழுதிக்கோங்க.” சொல்லிவிட்டு, எழுதினேனா என்று பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் அவருடைய கார்டு ஆறு தடவை வரவில்லை.

முதல் தடவை அக்கா போன் போட்டபோது ரயில்காரர், “போட்டேன்” என்றார். கார்டு வரலியே சார் என்றால், “போட்டேம்மா.” அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் அதே. ஆறாவது தடவை வரைக்கும் அதே. நோட்டில் அவர் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறு ‘போட்டேன்’. விதிப்படி மூன்றாவது கட்டத்தில் ஆறு ‘ஏற்க முடியாது’. அதை எழுத அக்காவுக்கு மனசே வரவில்லை, நான் பார்த்தேன்.

“தம்பி, இதப் பாரேன்” என்று கண்ணாடித் தடுப்பைத் தட்டிக் கூப்பிட்டார். “பத்தொன்பது வருஷமா கேட்டுட்டு வரேன். கார்ட ஒளிச்சவங்க ஒருத்தர்கூடக் காரணம் இல்லாம வந்ததில்ல. பொய் சொல்றவங்களுக்குக் காரணம் ரெடியா இருக்கும், சில பேர் ரெண்டு மூணு கொண்டாருவாங்க. இவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஏன்?”

“பேச சோம்பேறித்தனம்” என்றேன்.

அக்கா விடுகிற ஆள் இல்லை. மருந்துக்கடைக்காரரைப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டார். “கையெழுத்துப் போட்டுக் குடுத்தேம்மா. எவ்வளவு அடிச்சார்னு ஞாபகம் இல்ல. ஒரு நாள் மட்டும் பிரமாதமா ஆடினார், அவர் அப்படி ஆடி நான் பாத்ததே இல்ல.” நல்ல மனசோடு சொன்ன அந்த ஒரு வார்த்தை ரயில்காரரைக் கவிழ்த்துவிட்டது. கிளப் செயலாளர் காதுக்கு அது போனதும், “பாத்தீங்களா, கோப்பை வருதுன்னு நல்ல ஆட்டத்தையெல்லாம் அமுக்கிட்டார். மனுஷன் பேசாம இருந்தே காரியம் பாக்கறார்” என்றார். வெள்ளிக்கிழமை கமிட்டியில் வைத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டார். அரைமணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு எழுந்து வந்து என் எதிரில் நின்றார், முகத்தில் ஒரு பளபளப்பு.

“தம்பி, கார்டு காணாமப்போன ஆறு நாளும் காலையில முதல்ல ஆடி முடிச்சது அவங்க ரெண்டு பேருதான். மத்த நாள்ல இவங்களுக்கு முன்னாடி யாராவது முடிச்சிருக்காங்க. அன்னிக்கெல்லாம் அவர் கார்டு ஒழுங்கா வந்திருக்கு. பெட்டி காலியா இருக்கும்போது போட்டா மட்டும் வரல. ஏன்?”

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. மூன்று மாதம் முன்பு பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை என்று தச்சரைக் கூப்பிட்டேன். அவர் கழற்றிப் பார்த்து, அடிப்பலகையும் இற்றுப்போயிருக்கிறது என்றார். கையில் இருந்த ஒரு பழைய பலகையைக் காட்டினார். முன்பு எங்கேயோ ஒயர் போவதற்காக அதன் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள். “பின்பக்கம் இந்த வெட்டு இருக்கே, வேற பலகை வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டார். எனக்கு அன்று போன் மேல் போன். “கார்டுதானே விழப்போகுது, இதையே அடிச்சுட்டுப் போங்க” என்றேன். பெட்டி உட்கார்ந்திருப்பது சுவரை மூடி இடுப்பு உயரத்துக்கு அடித்த மரப்பலகையின் மேல். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாத ஒரு சந்து. தட்டையான கார்டு அந்த வெட்டில் நுழையாது. நாலாக மடித்தது நுழையும். பெட்டியில் ஏற்கெனவே கார்டுகள் கிடந்தால் அவை வெட்டை மூடிவிடும்.

இது அத்தனையும் ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது அக்கா கேட்டார்.

“பெட்டியில யாராவது கை வெச்சாங்களா தம்பி?”

“பூட்டு மட்டும்தான் மாத்தினோம்க்கா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டாகிவிட்டது. செயலாளர் ஆறு மாதத்தில் என்னை இரண்டு தடவை எல்லோர் முன்னிலையிலும் கிழித்திருந்தார், மூன்றாவது வேண்டாம் என்று தோன்றியது. பெட்டிக்கும் நாற்காலிக்கும் நான்தானே பொறுப்பு. எல்லாம் ஒரு ஊகம்தான், நிச்சயமில்லை என்றும் தோன்றியது. அக்கா தலையாட்டிக்கொண்டார். என் வார்த்தையை நம்பி, அவர் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. முன் கதவைத் திறந்து நாலு கார்டைத் தட்டையாகப் போட்டுப் பார்த்தார். நாலும் வந்தன.

வெள்ளிக்கிழமை கமிட்டி உட்கார்ந்தது. ரயில்காரர் முதல் ஆளாக ஆடி முடித்த நாட்களில்தான் கார்டு வரவில்லை என்பதை அக்கா எடுத்துச் சொன்னார். “அதனால?” என்றார் செயலாளர். ஆறு நாளுக்கும் ரயில்காரரின் ஆகச் சிறந்த ஆட்டத்தை எழுதினார்கள். இருபத்திரண்டு பதினெட்டு ஆனது. கோப்பை கிடையாது. அறிவிப்புப் பலகையில் அவர் பேரை ஒட்டியது நான்தான், நாலு மூலையிலும் குண்டூசி குத்தி. விஷயத்தைச் சொல்லிவிட அக்கா அவர் வீட்டுக்கு அன்றும் மறுநாளும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. மகளை அழைத்துவர அவள் ஊருக்கே போயிருந்தாராம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்து நின்றார்கள். அப்பாவும் மகளும் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். இதற்காகவே வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. மகளுக்கு முப்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கக் கலக்கம், முகம் முழுக்கச் சிரிப்பு. “மூணு வாரம் தொடர்ந்து ஷிஃப்ட் மாத்தி வாங்கினேன் சார், இதுக்காக” என்று என்னிடமே சொன்னாள்.

நான் பலகையைக் காட்டினேன். வாயால் சொல்லும் தைரியம் இல்லை. அவள் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

“என்னப்பா இது?”

“போட்டேம்மா” என்றார் ரயில்காரர்.

அவள் அப்பாவின் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்பா போட்டேன்னா போட்டிருப்பார் சார். நீங்க நல்லாத் தேடினீங்களா?” என்றாள். சண்டைக் குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தாகிவிட்டதா என்று கேட்பாளே, அந்தக் குரல். “கமிட்டி முடிவும்மா” என்று மென்று முழுங்கினேன். பதிவேட்டில் அவர்கள் பேரின் மேல் கோடு போட்டேன். பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அப்பாவும் மகளும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மட்டைகளை மறுபடி டிக்கியில் வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகள் ஏதோ சொன்னாள், அப்பா கொஞ்சம் சிரித்தார்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அக்கா காலையிலேயே போன் போட்டுச் சாவியோடு வரச் சொன்னார். கணவரையும், அவருடைய கருவிப் பையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, விரல்களை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“பின்னாடி இருந்து காத்து வருதே” என்றார். “எங்கயோ லீக் இருக்கு. காணாமப்போன கார்டு எப்படி இருக்கும்?”

“எப்படின்னா?”

“அளவு. மடிப்பாரா, அப்படியே போடுவாரா?”

“மடிப்பார்” என்றார் அக்கா. ஒரு வெற்றுக் கார்டை எடுத்து, நாலாக மடித்து, விரலால் அழுத்தி, பெட்டியின் மேல் துவாரத்தில் போட்டார். கதவு வழியாகப் பார்த்தோம். இல்லை. இன்னொன்று போட்டார், அது பலகையிலேயே நின்றது. மூன்றாவதும் நாலாவதும் போயே போய்விட்டன. கணவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுவர்ப்பலகையின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று கழற்றிய திருகுகளை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன், அதைத் தவிர எனக்குச் செய்ய எதுவும் இல்லை.

பலகை கழன்று வந்ததும் தூசிக்குள் மூன்று வெற்றுக் கார்டும், அவற்றோடு ஆறு பழைய கார்டும் கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி பார்த்து, வரிசையாக வைத்தார். நாலு மோசமான ஆட்டம், நூறைத் தாண்டியது. ஒன்று சுமார். ஒன்று எண்பத்தாறு. அவர் வாழ்நாளில் அதுவரை எண்பத்தொன்பதுக்குக் கீழே வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் மருந்துக்கடைக்காரரின் கோணல் கையெழுத்து இருந்தது.

“எண்பத்தாறு அடிச்சிட்டு, அது தொலைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியே இந்த மனுஷன்” என்றார் அக்கா.

அந்த நேரத்தில் கணவர் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார். அடிப்பலகையின் கீழே தச்சுப் பென்சிலில் எழுதியிருந்தது. தச்சர் தன் வேலையில் எதையும் மரத்திலேயே எழுதிவைக்கிறவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தேதி, அதன் கீழே: ‘பின்பக்கம் வெட்டு உள்ளது. ஆபீசில் சொல்லியாச்சு.’

அக்கா அதைப் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. கார்டுகளை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை செயலாளரிடம் அவர் கொடுத்த கடிதம் ஏழே வரி. ‘ஆறு கார்டும் உரிய நாளில் பெட்டியில் போடப்பட்டவை. எடுக்கத் தவறியது நான். சரியான ஹேண்டிகேப் இருபத்தொன்று. பலகையில் உள்ள பேரை எடுக்கவும். இதே பெட்டியில் இந்த மூன்று மாதத்தில் வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை என்று பார்த்துவிட்டேன்.’ அதில் என் பேர் எங்கேயும் இல்லை. செயலாளர் அறைக் கதவை மூடிக்கொண்டு அவரை முக்கால் மணி நேரம் காய்ச்சினார். குரல் என் மேஜைவரை கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் அக்கா அந்த அறையில் பேச்சு வாங்கியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ரயில்காரர் வந்தார். அக்கா ஆறு கார்டையும் அவர் முன்னால் பரப்பி, “மன்னிச்சுடுங்க சார், நீங்க போட்டீங்க” என்றார். அவர் எண்பத்தாறை மட்டும் எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். அவருடைய கண் கொஞ்சம் கலங்கியது.

“மக இருக்கறப்ப கெடைச்சிருந்தா காட்டியிருப்பேன்” என்றார். “ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டிக்கே கெளம்பிட்டா.”

அவர் போன பிறகு அக்கா நோட்டைத் திறந்தார். ஆறு ‘ஏற்க முடியாது’க்களையும் ஒவ்வொன்றாக அடித்து ‘ஏற்கலாம்’ என்று எழுதினார். அடுத்து ஒரு புதுப் பக்கம் புரட்டி, போன வியாழக்கிழமையின் தேதியைப் போட்டார். கண்ணாடித் தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

“உக்காரு தம்பி. கோவிச்சுக்காத, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். ஏன் சொல்லல?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் முகத்தில் நிஜமான ஆர்வம் இருந்தது, பன்னிரண்டு வருஷமாகப் பழகிய ஆளிடம் தனக்குத் தெரியாத ஒன்று இருந்திருக்கிறதே என்ற ஆர்வம். சொன்னேன். செயலாளரின் வாய்க்குப் பயம் என்றேன். நிச்சயமாகத் தெரியாது என்றேன். அன்று போன் வந்துகொண்டே இருந்தது என்றேன். கமிட்டி எப்படியும் மன்னித்துவிடும் என்று நினைத்ததாகவும் சொன்னேன், அது பச்சைப் பொய். அக்கா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். நாலரை வரி வந்தது. நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார்.

“மூணாவது கட்டத்த நீயே போடு.”

ரயில்காரர் பக்கமும் என் பக்கமும் எதிரெதிரே இருந்தன. அங்கே ஒரே ஒரு சொல், ஆறு தடவை. இங்கே நாலரை வரி. ‘ஏற்க முடியாது’ என்று எழுதினேன். அதே கையோடு செயலாளர் அறைக்குப் போய், பெட்டியின் அடிப்பலகையைப் பற்றியும் தச்சரைப் பற்றியும் சொல்லி, எனக்கு வர வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை, ஐந்து நாள் தாமதம்தான்.

திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினேன். ஜோடிக் கோப்பைக்காகப் பேர் கொடுத்தபோது ரயில்காரர் மகளின் போன் எண்ணையும் எழுதவைத்திருந்தார். நான் அடித்த கோட்டுக்குக் கீழே எண் தெளிவாகத்தான் இருந்தது. கூப்பிட்டேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. கார்டு கிடைத்த விஷயத்தைச் சொன்னேன், எண்பத்தாறையும் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். கார்டு எங்கே விழுந்திருக்கும் என்பது எனக்கு வியாழக்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“அப்ப ஞாயித்துக்கிழமை நாங்க அங்க நின்னப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“அப்புறம் ஏன் சார் சொல்லல?”

நாலரை வரியும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கார்டக்கா பேனாவை மூடிவைத்துவிட்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

“சொல்லலம்மா” என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவள் அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.